அலையில் ஆடும் லோடு: மின்சாரக் கப்பல் எப்படித் தாங்குகிறது?

தம்பி, உங்கள் இரண்டு கேள்விகளையும் மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சொல்லிவிடுகிறேன். மின்மோட்டாரால் ஓடும் பெரிய கப்பல்களில், கடல் கொந்தளிக்கும்போது புரொப்பல்லரின் லோடு நொடிக்கு நொடி மாறுமே, ஜெனரேட்டர்கள் டிரிப் ஆகாமல் எப்படித் தாங்குகின்றன, பெரிய பேட்டரி ஒன்றை வைத்துவிட்டால் தொல்லை தீராதா என்பது முதல் கேள்வி. இரண்டாவது உங்கள் சொந்த வில்லங்கம். கல்லூரி நண்பர்கள் சேர்ந்து 10 கிலோவாட் மோட்டார் வைத்து ஒரு மின்படகு கட்டி, முத்துப்பேட்டைப் பக்கம் கோரையாற்றில் விட்டுப் பார்த்திருக்கிறீர்கள். காலையில் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில், வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது லீவரைச் சட்டென்று பின்னால் இழுத்தால் மொத்தமும் கட் ஆகிறது. மதியத்துக்கு மேல் அதே லீவர், அதே இழுப்பு, ஒன்றும் ஆவதில்லை. "பேட்டரி ஃபுல்லா இருக்கும்போதுதான் அண்ணா போகுது, இறங்கினப்புறம் நல்லா ஓடுது, தலைகீழா இல்ல இருக்கு?" என்று கேட்டிருந்தீர்கள்.

தலைகீழாக இல்லை. அப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால் அதன் காரணம் முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அதனால் பெரிய கப்பலைச் சுற்றிக்கொண்டு உங்கள் படகுக்கு வருகிறேன். அதற்கும் முன்னால் ஒரு குட்டியானைக் கதை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியபோது நான் கப்பலிலிருந்து விடுப்பில் வந்து ஊரில் இருந்தேன். வேதாரண்யத்துக்கு மேற்கே எங்கள் ஊர். விழாமல் நின்ற மின்கம்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. குட்டியானை வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்து, மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மாடித் தொட்டிகளை நிரப்பிக் கொடுத்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்தவர் படிப்பு வாசனை அதிகம் இல்லாதவர். முதல் நாள் 5 எச்.பி. போர் மோட்டாரின் சுவிட்சைத் தட்டியதும் ஜெனரேட்டர் "ம்ம்ம்" என்று அமுங்கியது. வாசலில் கட்டியிருந்த குண்டு பல்பு செங்கல் நிறத்துக்கு மங்கி, இரண்டு நொடி கழித்துத்தான் பழைய வெளிச்சத்துக்கு வந்தது. மோட்டார் புறப்படும்போது ஓடும் கரண்டைப்போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும் என்பது உங்களுக்குப் பாடத்தில் இருக்கும். அவருக்கு அது காதால் தெரிந்தது. மறுநாளே ஒரு வழி பண்ணிவிட்டார். "லைட்டு, செல் சார்ஜரு எல்லாத்தையும் அணைங்க" என்று நாலு வீட்டுக்குக் கேட்கக் குரல் கொடுப்பார். ஒரு கையை என்ஜினின் ஆக்சிலேட்டர் கம்பியில் வைத்து லேசாக ஏற்றிவிடுவார். பிறகுதான் பையனை சுவிட்சைத் தட்டச் சொல்வார். என்ஜின் அமுங்கவே இல்லை.

கப்பல்களில் பவர் மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்று ஒன்று இருக்கிறது. கோடிக்கணக்கில் விலை. அது செய்கிற வேலையில் பாதி அவர் செய்ததுதான்: பெரிய லோடு வரப்போகிறது என்று என்ஜினுக்கு முன்கூட்டியே சொல்வதும், அவசரமில்லாத லோடைக் கழற்றி இடம் பண்ணுவதும்.

அளவைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். குயின் எலிசபெத் 2 என்ற பயணிகள் கப்பலில் 1987-ல் நீராவியை எடுத்துவிட்டு, தலா 10.5 மெகாவாட்டில் ஒன்பது டீசல் ஜெனரேட்டர்களையும் தலா 44 மெகாவாட்டில் இரண்டு மோட்டார்களையும் வைத்தார்கள். மேட்டூர் அணையடி மின்நிலையம் மொத்தமே 50 மெகாவாட். அந்தக் கப்பலின் ஒரு தண்டைச் சுற்ற அது கிட்டத்தட்ட முழுசாக வேண்டும். நம் ஊரில் ஒரு போர்செட் ஓடத் தொடங்கினால் மேட்டூருக்கோ நெய்வேலிக்கோ தெரியாது, பின்னால் அவ்வளவு பெரிய கிரிட் நிற்கிறது. கப்பலுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஒரே ஒரு மோட்டார் மொத்த உற்பத்தியில் பாதியைக் கேட்கும். கேட்டதை அதே நொடியில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஃப்ரீக்வென்சி, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்கிற கணக்கு, விழும்.

இனி அலைக்கு வருவோம். புரொப்பல்லர் இழுக்கும் பவர் அதன் சுழல்வேகத்தின் முப்படியாக ஏறும். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் பவர் 33 சதவீதம் ஏறும், பத்து குறைத்தால் 27 சதவீதம் இறங்கும். இது அமைதியான தண்ணீரில். அலையில் கப்பலின் பின்புறம் தூக்கும்போது புரொப்பல்லர் மேல்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கும். லோடு திடீரென்று செத்துப்போகும். அடுத்த மூன்று நான்கு நொடியில் பின்புறம் அமிழ்ந்ததும் முழு லோடும் மொத்தமாக வந்து அறையும். ஆறிலிருந்து பத்து நொடிக்கு ஒருமுறை, நாள் முழுக்க. இதற்கு உள்ளே இன்னொரு சின்ன நடுக்கமும் உண்டு: நிமிடத்துக்கு 120 சுற்று சுற்றும் நாலு இலைப் புரொப்பல்லர் என்றால் நொடிக்கு எட்டு முறை ஏதாவது ஓர் இலை கப்பலின் அடிவயிற்றைக் கடக்கும், எட்டு முறை லோடு சிலிர்க்கும். அது பெரும்பாலும் தண்டின் எடையிலேயே கரைந்துவிடும். தொல்லை கொடுப்பது முதலில் சொன்ன ஊசலாட்டம்தான்.

இதைச் சமாளிப்பதில் முதல் முடிவு, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவியான டிரைவிடம் என்ன சொல்லிவைக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. பேட்டரிக்கு முன்னால், ஜெனரேட்டருக்கு முன்னால், இதைத்தான் பார்க்க வேண்டும். "சுற்று மாறக்கூடாது" என்று சொல்லிவைத்தால், டிரைவ் விசுவாசமான வேலைக்காரன் மாதிரி, தண்ணீர் இறுக்கும்போதெல்லாம் முறுக்கிப் பிடித்து அதே சுற்றில் வைக்கும். சுற்று காட்டும் ஊசி ஆடாது. அந்த ஆட்டம் முழுவதும் கிலோவாட் ஆட்டமாக மாறி ஜெனரேட்டர் தலையில் விழும். டீசல் என்ஜின் நேராகத் தண்டைச் சுற்றிய காலத்திலிருந்து வந்த பழக்கம் இது. "முறுக்கு (டார்க்) மாறக்கூடாது" என்று சொல்லலாம், ஆட்டம் குறையும். "கிலோவாட் மாறக்கூடாது" என்றும் சொல்லலாம். அப்போது லோடு குறைந்தால் தண்டு கொஞ்சம் வேகமாகச் சுற்றும், லோடு ஏறினால் தளரும். தண்டு, மோட்டாரின் ரோட்டார், புரொப்பல்லர் எல்லாம் சேர்ந்த சுழலும் எடையே ஒரு தொட்டியாகி அலையை வாங்கிக்கொள்ளும். ஜெனரேட்டர் பக்கம் கிட்டத்தட்ட அமைதி.

அரபிக்கடலில் ஒரு ஆவணி மாதம் இந்த மாற்றத்தைச் செய்துவிட்டு நின்றேன். கண்ட்ரோல் ரூமில் கிலோவாட் ஊசியின் ஆட்டம் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. பத்தாவது நிமிடம், கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையான பிரிட்ஜிலிருந்து கேப்டன் போன். "ஆர்.பி.எம். ஏன் ஊசலாடுது? முன்னாடி இப்படி இல்லையே?" சொன்னேன்: "சார், ஏதாவது ஒண்ணு ஆடித்தான் ஆகணும். ஆர்.பி.எம். ஆடட்டும், ஃப்ரீக்வென்சி ஆட வேண்டாம்." இருபத்திரண்டு வருடம் கப்பலில் எலெக்ட்ரிக்கல் ஆபீசராக இருந்து நான் கற்றதை வடிகட்டினால் அந்த போன் பதில்தான் மிஞ்சும். ஆட்டத்தை ஒழிக்க முடியாது. அது எதில் போய் விழ வேண்டும் என்று தீர்மானிக்கலாம்.

கிலோவாட்டைப் பிடித்து வைப்பதில் ஒரு கண்ணி உண்டு. புரொப்பல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்த நேரத்திலும் "அதே கிலோவாட்" என்று அடம்பிடித்தால் தண்டு வெறிபிடித்துச் சுற்றும். திரும்பத் தண்ணீரில் விழும்போது கியரும் இலையும் அடி வாங்கும். அதனால் சுற்றுக்கு உச்சவரம்பு வைத்து, முறுக்கு திடீரென்று காணாமல் போனால் தானாகத் தளர்த்தும் வழியும் எழுதிவைப்பார்கள். மெதுவாக ஓடும்போதும் இந்த முறை உதவாது, ஏனென்றால் சுற்று பூச்சியத்தை நெருங்கும்போது அதே கிலோவாட்டுக்கு முறுக்கு எக்கச்சக்கமாகப் போய்விடும். ஆகவே கீழே முறுக்கு, மேலே கிலோவாட், நடுவில் இரண்டும் கலந்து என்று வைப்பது நடைமுறை.

டெல்டாக்காரர்களுக்கு இது புதிதில்லை. மேட்டூரிலிருந்து வருகிற தண்ணீரைக் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிப்பார்கள், வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடத்தில் தள்ளிவிடுவார்கள். வெள்ளத்தை யாரும் நிறுத்துவதில்லை, எந்தப் பக்கம் போனால் நெல் மூழ்காது என்று பார்த்து மதகைத் திறக்கிறார்கள். மதகைத் திறந்து மூடும் நீர்வளத் துறை ஊழியரை லஸ்கர் என்கிறோம். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வேலை செய்த நம் ஆட்களுக்கும் அதே பெயர்தான். அந்தப் பெயர்ப் பொருத்தத்தை நினைத்து நான் பலமுறை சிரித்துக்கொண்டதுண்டு.

டிரைவ் எவ்வளவு அடக்கினாலும் மிச்சம் ஜெனரேட்டருக்குப் போகும். டீசல் என்ஜின் உடனே எழுந்து ஓடக்கூடிய பிராணி இல்லை. என்ஜின் வேகத்தைக் காக்கும் கவர்னர் எண்ணெயைக் கூட்டினாலும் டர்போ சுழன்று காற்றைக் கொண்டுவர நேரம் பிடிக்கும். அதற்குள் கொடுத்த எண்ணெய் பாதி கரும்புகையாகப் போகும். எரிவாயுவில் ஓடும் என்ஜின் இன்னும் மெதுவான ஆள். கப்பல்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வகைப்பாட்டுச் சங்கங்களின் பொது விதி ஃப்ரீக்வென்சி நிலையாக 5 சதவீதமும், தற்காலிகமாக 10 சதவீதமும் விலக இடம் கொடுக்கிறது, ஆனால் 5 நொடிக்குள் மீண்டுவிட வேண்டும். வோல்டேஜ் தற்காலிகமாக 20 சதவீதம் வரை விலகலாம், 1.5 நொடிக்குள் திரும்ப வேண்டும்.

பல ஜெனரேட்டர்கள் ஒரே பஸ்பாரில், அதாவது எல்லாம் வந்து இணையும் பொது மின்பட்டையில், சேர்ந்து ஓடும்போது லோடை எப்படிப் பங்கிடுவது? ஒரே நுகத்தடியில் இரண்டு மாடு. இரண்டும் "என் வேகம்தான் சரி" என்று நின்றால் ஒன்று இழுக்கும், மற்றது இழுபடும். அதனால் கவர்னரில் கொஞ்சம் தளர்வு வைப்பார்கள், டிரூப் என்று சொல்வது அதைத்தான். 4 சதவீதம் வைத்தால், லோடே இல்லாதபோது 62.4 ஹெர்ட்ஸில் ஓடுவது முழு லோடில் 60-க்கு வந்து நிற்கும். அதிகம் சுமப்பவன் கொஞ்சம் தளர, குறைவாகச் சுமப்பவன் தானாக முன்னுக்கு வந்து தோள் கொடுப்பான். யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. கேபிள் வைத்து லோடைப் பங்கிடும் நவீன முறைகளும் உண்டு. ஆனால் கேபிள் அறுந்தால் எல்லாம் டிரூப்புக்குத்தான் திரும்புகின்றன.

இந்த ஏற்பாடு எப்படிக் கவிழும் என்று ஒருமுறை நேரில் பார்த்தேன். கப்பலின் பெயரும் கம்பெனியும் வேண்டாம். மும்பை ஹை எண்ணெய் வயல், ஜூலை மாதம், தென்மேற்குப் பருவக்காற்று. எண்ணெய்க் கிணற்றுப் பிளாட்பாரத்துக்குப் பக்கத்தில், கப்பலை வேண்டிய பக்கம் தள்ளும் புரொப்பல்லர்களான திரஸ்டர்களை மட்டும் வைத்து ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். நாலு ஜெனரேட்டரில் மூன்று பஸ்பாரில், தலைக்கு முக்கால் லோடுக்கும் கீழே, தாராளமாக இடம் இருந்தது. இரவு இரண்டு மணி இருக்கும். இரண்டாம் ஜெனரேட்டரில் எண்ணெயைக் கூட்டிக் குறைக்கும் ரேக் திறந்த நிலையில் சிக்கிக்கொண்டது. அது தேவைக்கு மேல் தள்ள, ஃப்ரீக்வென்சி லேசாக ஏறியது. ஒன்றும் மூன்றும் ஒழுங்கான பிள்ளைகள். ஃப்ரீக்வென்சி ஏறுகிறதே என்று தங்கள் எண்ணெயைக் குறைத்தன. இரண்டாவது இன்னும் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து திரஸ்டர் லோடு ஒரு அலைக்கு இறங்க, ஒன்றும் மூன்றும் மின்சாரம் கொடுப்பதை விட்டு வாங்க ஆரம்பித்தன. ரிவர்ஸ் பவர் ரிலே தன் கடமையைச் செய்து அவற்றை வெளியே தள்ளியது. நல்ல ஜெனரேட்டர் இரண்டும் வெளியே, கெட்டது மட்டும் உள்ளே. அடுத்த சில நொடியில் அது வேகம் தாண்டி ஓவர்ஸ்பீடில் நின்றது.

கப்பலில் பிளாக்அவுட் என்றால் இருட்டைவிட நிசப்தம்தான் முதலில் உறைக்கும். ஏ.சி. காற்று நிற்கும், பம்புகள் நிற்கும், வருடக்கணக்கில் காதில் இருந்துகொண்டே இருந்த ஒரு சத்தம் திடீரென்று இல்லாமல் போகும். யாரோ ஒருவர் வைத்த காபி டம்ளர் மேசையில் நகர்வது கேட்டது. எமர்ஜென்சி ஜெனரேட்டர் 45 நொடிக்குள் தானாக லோடு எடுக்க வேண்டும் என்பது சர்வதேச விதி, எங்களுடையது அதற்கு முன்பே எடுத்துவிட்டது. காற்று எங்களைப் பிளாட்பாரத்தை விட்டு விலக்கும் திசையில் வீசியது, பிழைத்தோம். அதற்குப் பிறகு அந்த மாதிரி வேலைகளில் பஸ்பாரை நடுவில் பிரித்து இரண்டு தனித்தனிக் கப்பலைப்போல ஓட்டினோம். கம்பெனியிலிருந்து எண்ணெய்ச் செலவு கூடுகிறது என்று மெயில் வரும், வந்துகொண்டே இருந்தது. இப்போது நல்ல கப்பல்களில் ஃப்ரீக்வென்சியையும் கிலோவாட்டையும் எண்ணெய் ரேக்கையும் சேர்த்துப் பார்த்து, கெட்ட ஜெனரேட்டரையே முதலில் பிடித்து வெளியே தள்ளும் பாதுகாப்பு வந்துவிட்டது.

ஒரு ஜெனரேட்டர் விழுந்தால் மற்றவற்றைக் காப்பாற்றப் போவது யார்? அடுத்த ஜெனரேட்டர் புறப்பட்டு, பஸ்பாரோடு ஒத்து வந்து சேர எப்படியும் அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். கப்பலில் உள்ள கைகளிலேயே வேகமான கை மறுபடியும் டிரைவ்தான். ஃப்ரீக்வென்சி விழுவதைப் பார்த்த மாத்திரத்தில், ஒரு நொடியின் சிறு பகுதிக்குள், புரொப்பல்லர் லோடை அது குறைத்துவிட முடியும். பத்தாயிரம் டன் கப்பல் ஒரு நிமிடம் பாதி பவரில் போனால் வேகம் கொஞ்சம்தான் இறங்கும், யாருக்கும் தெரியாது. விளக்கையும் ஸ்டீயரிங்கையும் குறைக்க முடியாது. கடைமடை காயும்போது தலைமடைக்காரர் இரண்டு நாள் மதகைத் தாழ்த்திக் கொடுப்பது மாதிரி, விட்டுக்கொடுக்கத் தெம்பு உள்ளவனிடம் கேட்பதுதான் முறை.

இப்போது பேட்டரி. ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 2 மெகாவாட் கப்பல், அலையில் லோடு சராசரியிலிருந்து 300 கிலோவாட் மேலும் கீழும் ஆடுகிறது, 8 நொடிக்கு ஒரு ஆட்டம் என்று வையுங்கள். சராசரிக்கு மேலே நிற்கும் அரை ஆட்டத்தின் சக்தி, 300-ஐ 8-ஆல் பெருக்கிப் பை (3.14) என்ற எண்ணால் வகுத்தால், சுமார் 764 கிலோஜூல். யூனிட்டில் 0.21. வீட்டில் ஒரு மின்விசிறி மூன்று மணி நேரம் ஓடுகிற மின்சாரம், அவ்வளவுதான். பவர் பெரிது, சக்தி சொற்பம். ஆனால் மணிக்கு 450 முறை ஏற்றி இறக்க வேண்டும், ஒரு நாளில் பத்தாயிரத்தைத் தாண்டும். இது சூப்பர் கெப்பாசிட்டருக்கோ சுழல்சக்கரத்துக்கோ பொருந்துகிற வேலை. இதற்காக மட்டும் பெரிய பேட்டரி வாங்கினால் குடத்து நீரை மொள்ள ஏரி வெட்டிய கதை.

பேட்டரியின் மெய்யான உபயோகம் வேறு. ஒரு ஜெனரேட்டர் விழுந்தால் அடுத்தது வரும்வரை தாங்குவது. 2 மெகாவாட்டை ஒரு நிமிடம் தாங்க 33 யூனிட் போதும். ஆனால் தன் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு வேகத்தில்தான் கொடுக்க முடியும் என்கிற பேட்டரியாக இருந்தால் 667 யூனிட் பேட்டரி வாங்க வேண்டிவரும். அளவைத் தீர்மானிப்பது யூனிட் இல்லை, வேகம். இப்படிப் பேட்டரி காவல் நின்றால், "எதற்கும் இருக்கட்டும்" என்று பாதி லோடில் ஓட்டிக்கொண்டிருக்கும் கூடுதல் டீசலை நிறுத்திவிடலாம். வைக்கிங் லேடி என்ற நார்வே சப்ளை கப்பலில் 2013-ல் பேட்டரி ஏற்றியதிலிருந்து இந்த வழி பரவியது. அதே ஆண்டில்தான் டினா ஸ்டார் என்ற கப்பலில் பஸ்பாரையே டி.சி. ஆக்கினார்கள். அதில் ஃப்ரீக்வென்சி என்று ஒன்றைக் கட்டிக் காக்க வேண்டியதில்லை, என்ஜின் லோடுக்கு ஏற்ற வேகத்தில் ஓடலாம், பேட்டரியை ஒட்டவைப்பதும் சுலபம்.

எனக்குப் பிடித்தது நார்வேயின் ஆம்பியர் என்ற கார் படகு. 2015-ல் சொக்னே ஃபியோர்டு என்ற கடல் நுழைவில் லாவிக்குக்கும் ஓப்பெடாலுக்கும் நடுவே முழுக்கப் பேட்டரியில் ஓடத் தொடங்கியது, படகில் சுமார் 1,000 யூனிட் பேட்டரி. இரண்டு கரையும் சின்ன கிராமங்கள். நம் கடைமடை ஊர்களில் சாயங்காலம் எல்லா மோட்டாரும் ஓடினால் டியூப்லைட் சிமிட்டுமே, அந்த மாதிரி மெலிந்த லைன். படகு வந்து பத்து நிமிடத்தில் சார்ஜ் ஏற்றினால் ஊரே மங்கிவிடும். என்ன செய்தார்கள்? இரண்டு கரையிலும் ஒரு பேட்டரியை வைத்தார்கள். படகு அக்கரையில் இருக்கும்போது ஊர் லைனிலிருந்து மெல்ல மெல்ல அது நிரம்பும், படகு வந்ததும் மொத்தமாகக் கொட்டும். முறைத் தண்ணீரைக் குளத்தில் தேக்கி, வேண்டும்போது என்ஜின் வைத்து இறைப்பது நம் ஊரில் காலங்காலமாக நடப்பதுதானே. நம் பக்கத்திலும் நல்ல உதாரணங்கள் உண்டு. பெரியார் போராடிய வைக்கத்தில் 2017 ஜனவரி முதல் ஆதித்யா என்ற 75 பேர் சூரியப் படகு ஓடுகிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ படகுகளில் லித்தியம் டைட்டனேட் பேட்டரி. எடைக்கு யூனிட் குறைவு, ஆனால் சட்டென்று ஏற்றலாம், பலமுறை ஏற்றலாம். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பஸ் செலவுதான்.

ஏற்ற இறக்கம் என்று நீங்கள் கேட்காத இன்னொன்றும் இருக்கிறது, மின்சார அலையின் உருவமே கெடுவது. டிரைவ்கள் கரண்டைத் துண்டு துண்டாக இழுப்பதால் ஹார்மோனிக்ஸ் என்கிற வேண்டாத துணை அலைகள் வரும், அதை அடக்க ஃபில்டரில் கெப்பாசிட்டர் வைப்பார்கள். குயின் மேரி 2 கப்பல் 2010 செப்டம்பர் 23 அதிகாலை பார்சிலோனாவை நெருங்கும்போது அந்த ஃபில்டர் அறையில் நைந்துபோன ஒரு கெப்பாசிட்டர் வெடித்தது. கப்பல் முழுக்க இருண்டது. யாருக்கும் காயமில்லை. தலா 21.5 மெகாவாட்டில் நாலு மோட்டார் கொண்ட கப்பல் அது. நம் போர்செட் பெட்டியில் உப்பிப்போன கெப்பாசிட்டரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் மூடுகிறோமே, அந்தப் பொருள்தான்.

சரி, உங்கள் படகு. ஓடுகிற படகில் லீவரைப் பின்னால் இழுக்கும்போது மோட்டார் முதலில் நிற்க வேண்டும், பிறகுதான் எதிர்ப்பக்கம் சுற்றும். நிற்கும் அந்த நேரத்தில் சுழலும் எடையும், பின்னால் ஓடும் தண்ணீரும் சேர்ந்து அதை ஜெனரேட்டராக்கிவிடும். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். பெரிய கப்பலில் முழு வேகத்திலிருந்து நிறுத்தும்போது இதே கதைதான். அப்படி வருகிற மிச்சத்தை எரித்துத் தள்ள பிரேக்கிங் ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அதுதான் கப்பலின் கொள்ளிடம். உங்கள் படகில் கொள்ளிடம் இல்லை. காலையில் பேட்டரி விளிம்பு வரை நிரம்பியிருக்கிறது, உங்கள் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் ஒவ்வொன்றும் 3.6 வோல்ட்டைத் தொட்டு நிற்கிறது. அந்த நேரத்தில் ஒரு நொடி கரண்ட் உள்ளே தள்ளினாலும் ஏதாவது ஒரு செல் வரம்பைத் தாண்டும். பேட்டரிக்குக் காவல் நிற்கும் பி.எம்.எஸ். என்ற சர்க்யூட் பயந்து, பேட்டரியை இணைக்கும் சுவிட்சான கான்டாக்டரைத் திறக்கும். திறந்ததும் திரும்பி வந்த மின்சாரத்துக்குப் போக்கிடமே இல்லை, கண்ட்ரோலரின் கெப்பாசிட்டரில் ஏறி அதுவும் ஓவர்வோல்டேஜில் நிற்கும். மதியத்துக்கு மேல் குளத்தில் இடம் இருக்கிறது, வந்ததை வாங்கிக்கொள்கிறது.

யாராவது பி.எம்.எஸ்ஸைச் சுற்றி ஒரு ஜம்பர் போடச் சொன்னால் கேட்காதீர்கள். 2019 அக்டோபரில் நார்வேயில் இட்டரோயினிங்கன் என்ற படகின் பேட்டரி அறையில் தீப்பிடித்து, மறுநாள் வெடிக்கவும் செய்தது. அது பயிற்சி பெற்றவர்கள் கட்டிய படகு.

முதலில் காசு செலவில்லாத இரண்டைச் செய்யுங்கள். சார்ஜரை 90 சதவீதத்தில் நிறுத்துங்கள். கண்ட்ரோலரில் முன்னிருந்து பின்னுக்கு மாறும் நேரத்தை மூன்று, நாலு நொடியாக நீட்டி, பூச்சியத்தில் ஒரு நொடி நிற்க வையுங்கள். திரும்பி வரும் கரண்டுக்கு வரம்பு வைக்கும் அமைப்பும் அதே மெனுவில் இருக்கும், பாருங்கள். அதிலும் கட் ஆனால்தான் ரெசிஸ்டர் வாங்குவதைப் பற்றிப் பேச வேண்டும். இன்னொன்று, அலையாத்திக் காட்டுப் பக்கம் போனால் வலையும் பாசியும் புரொப்பல்லரில் சுற்றும், அதனால் முறுக்குக்கும் இப்போதே ஒரு உச்சவரம்பு போட்டுவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே, வெயில் ஏறும் முன், முழு வேகத்திலிருந்து பத்து முறை லீவரை இழுத்துப் பாருங்கள். பேட்டரி வோல்டேஜையும் கரண்டையும் நொடிக்குப் பத்து முறையாவது பதிவு செய்யுங்கள், கிளாம்ப் மீட்டரைக் கண்ணால் பார்த்து எழுதினால் அந்த உச்சம் தப்பிவிடும். ஃபைலை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.